மல்லாக்கக் கிடந்த மூன்று நாள்

"லொத்தர் கீறியா வைத்தியம் பாக்கிறீங்க?" என்று ஆதம்லெவ்வை கேட்டார்.

கண் ஒப்பரேசன் முடிந்து வலது கண்ணில் கட்டோடு மல்லாந்து கிடந்தார். இடது கண் எப்போதோ போய்விட்டது. அதனால் யார் முகத்தைப் பார்த்துக் கேட்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பப் போனார்.

"தலைய ஆட்டாதீங்க ஐயா," என்றார் டொக்டர் சர்மினி. "லொத்தர் இல்ல. ஒப்பரேசனுக்கு முதலே இதெல்லாம் சொன்னனான்தானே. ஆருக்கு எத்தின நாளெண்டு மூடின உறைக்குள்ள இருக்கும், உறைய உடைச்சாத்தான் எனக்கே தெரியும். உங்களுக்கு ஒரு நாள் விழுந்திருக்கு. நாளைக்குக் கட்ட அவிழ்த்ததும் நீங்க எழும்பலாம், நடக்கலாம், வீட்டுக்குப் போகலாம்."

"பக்கத்துக் கட்டில் தம்பிக்கு?"

"அவருக்கு மூணு நாள். இஞ்சயே மல்லாந்து கிடக்க வேணும்."

"ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம், ஒரே ஒப்பரேசன். எனக்கு ஒண்டு, அவனுக்கு மூணு. இதுல எது நல்லது?"

"தெரியாது ஐயா. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சி."

ஆதம்லெவ்வை நம்பவில்லை. தெரியாதாம். இத்தனை வருசம் படித்த பிள்ளைக்குத் தெரியாதாம். மனதுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியில் ஒன்றைச் சொல்லும் ஆட்களை அவர் நிறையக் கண்டிருக்கிறார். உரக்கடைக்காரன், வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானை, மழை வருமென்று சொல்லும் றேடியோ, சொந்த மருமகன். அந்த வரிசையில் இந்த டொக்டரையும் நிறுத்தி வைத்தார்.

இளவயதில், சூடடிப்புக் களத்தில் நெல்லுச் சுணை ஒன்று இடது கண்ணில் ஏறியது. கண் வீங்கிச் சிவந்தது. பரிசாரி ஒருவர் வந்து இமையைப் பிளந்து பார்த்து, "இது எனக்குத் தெரிஞ்ச வருத்தம், மூணு நாள்ல எடுபட்டுரும்" என்று பச்சிலைச் சாற்றைப் பிழிந்து விட்டார். எடுபட்டது கண்தான். கருவிழி அவித்த முட்டையின் வெள்ளையாகிவிட்டது. அன்றிலிருந்து ஒற்றைக் கண்ணோடு உழுது, விதைத்து, அறுத்து, மகளைக் கரைசேர்த்து, மனைவியை அடக்கம் செய்து முடித்தார். பிறகு அந்த ஒற்றைக் கண்ணும் பூத்தது. முதலில் விடியக்காலையில் மட்டும் பனிமூட்டம் மாதிரி இருக்கும், மத்தியானம் தெளியும். போகப் போக மத்தியானமும் தெளியவில்லை.

கருவிழியின் உள்பக்கத்தில் மெல்லிய தோல் ஒன்று இருக்கிறதாம். கண்ணில் ஊறும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளுவது அதன் வேலையாம். அது செத்துப்போனால் கருவிழி ஊறி வெளுத்துவிடுமாம். சர்மினி இதைச் சொன்னபோது ஆதம்லெவ்வைக்கு உடனே விளங்கியது. வடிச்சல் வாய்க்கால் தூர்ந்த வயல். அவ்வளவுதான்.

"முந்தியெண்டா முழுக் கருவிழியையும் வெட்டி எடுத்துட்டு இன்னொண்டத் தைப்பாங்க. இப்ப அந்த மெல்லிய தோல மட்டும் உள்ளுக்குப் போட்டு, காத்து ஊதி விடுறது. காத்துக் குமிழ் மேல எழும்பி அந்தத் தோல ஒட்டப் பிடிக்கும். அதுக்குத்தான் மல்லாந்து கிடக்கச் சொல்றது."

"தையல் இல்லையா?"

"காத்துத்தான் தையல்."

அந்தத் தோல் உயிர் போய் மௌத்தான ஒரு ஆளின் கண்ணிலிருந்து எடுத்தது. ஆர் என்று கேட்டார். அதைச் சொல்வதில்லை என்றார்கள். பள்ளிவாசல் மௌலவியிடம் மார்க்கத்தில் இது கூடுமா என்று கேட்டார். கூடும் என்றார். மௌலவியையும் அவர் முழுதாக நம்பவில்லை. ஆனால் கண் போய்க்கொண்டிருப்பதை நம்பாமல் இருக்க முடியவில்லை. ஆராய்ச்சியில் சேரச் சம்மதமா என்று கேட்டபோதும் ஓம் என்றுதான் சொன்னார்.

கண் போனால் எங்கே போவார் என்பதும் அவருக்குத் தெரியும். நிந்தவூரில் அவர் கட்டிய வீடு இப்போது மகள் றஹீமாவின் வீடு. அந்தப் பக்கத்து வழமை அது. பெண் பிள்ளைக்குக் கலியாணம் பேசினால் வீட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். மனைவி இருந்தவரை பின்பக்கத்து அறையில் இருவரும் ஒதுங்கிக் கிடந்தார்கள். அவ மௌத்தான பிறகு, தான் கட்டிய வீட்டில் மருமகனின் செருமலுக்கு எழும்பி, மருமகன் சாப்பிட்டு முடியும் வரை காத்திருப்பது அவருக்கு ஒத்துவரவில்லை. வரிப்பத்தான்சேனையில் வயலோரம் இருந்த மண்சுவர் வாடிக்குப் போய்விட்டார். அவராகப் பொங்கினார், அவராகத் தின்றார். கண் தெரியும் மட்டும் அது நடக்கும். தெரியாவிட்டால் அந்தப் பின்னறைதான். றஹீமா அவருக்கு இடம் விட அதற்குள்ளிருந்த தையல் மெசினை வெளியில் எடுத்துவிட்டதாகக் கேள்வி. அந்தச் செய்தி கேட்ட நாள்தான் அவர் ஒப்பரேசனுக்குச் சம்மதித்தார்.

"காக்கா, கோவிச்சிட்டீங்களா?" என்றது பக்கத்துக் கட்டில். கல்முனைக் கடற்கரை மீன்பிடிகாரன் கோணாமலை. ஒப்பரேசனுக்கு முதல் நாளே அவனோடு கதை விழுந்து, அண்ணன் முறைக்கு அவரைக் காக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டான்.

"நான் ஏன் கோவிக்கிற? உனக்கு மூணு நாள் தந்திரிக்கா, எனக்கு ஒண்டு. டொக்டரும் நீயும் தமிழாக்கள்."

கோணாமலை சிரித்தான். சிரித்ததில் கட்டில் கிறீச்சிட்டது. "அவ வேதக்காரி, காக்கா. ஞாயிற்றுக்கிழம கோயிலுக்குப் போறவ. நான் கடலாச்சிக்குப் பொங்கிறவன். அவவுக்கு நீங்களும் நானும் ரெண்டு கண்ணுதான்."

"சிரிக்காத. குமிழ் ஓடிரும்."

"ஓடினா வலை போட்டுப் பிடிப்பம். வாழ்நாள் முழுக்கத் தோணியில குனிஞ்சு தண்ணியப் பாத்தவன் நான். இப்ப முகட்டப் பாருங்கிறாங்க. அதுவும் கண்ணக் கட்டிப் போட்டு."

அவனுடைய மனைவி சுந்தரம்மா பக்கத்திலேயே இருந்தாள். கரண்டியால் கஞ்சி ஊட்டினாள், ஊட்டும்போது திட்டினாள், திட்டிக்கொண்டே வாயைத் துடைத்துவிட்டாள். "கொடுப்புக்குள்ள வச்சிட்டுக் கதைக்காதீங்க, விழுங்குங்க!" ஆதம்லெவ்வை அந்தச் சத்தங்களைக் கேட்டபடி கிடந்தார். றஹீமா காலையில் வந்து சோற்றுப் பார்சலை வைத்துவிட்டுப் போயிருந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வர முதல் வீட்டில் நிற்க வேண்டும். எத்தனை நாளில் விடுவார்கள் என்று அவள் கேட்டபோது, உறை உடைபடும் முன்பே, "மூணு நாள் வைப்பாங்களாம்" என்று சொல்லிவிட்டிருந்தார். மூன்றுதான் விழுமென்று அவருக்கு எண்ணம். நல்லதுதான் தனக்கு வரும் என்று அவர் நம்பிய இடம் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அங்கேயும் ஏமாந்தார்.

அங்கே கிடந்தபடிதான் முடிவெடுத்தார். மூன்று நாள் கிடப்பதுதான் மருந்து. ஒரு நாள் கிடப்பவன் பரீட்சைக்கு விட்ட எலி. எழும்பச் சொல்லுவார்கள். எழும்ப மாட்டேன். இங்கே கிடக்க விடாவிட்டால் வேறெங்காவது கிடப்பேன்.

மறுநாள் தாதி அற்புதராணி மிஸ் கட்டை அவிழ்த்து, பிளாஸ்ரிக் மூடியொன்றை ஒட்டி, துளி மருந்தைக் கையில் கொடுத்தாள். வெளிச்சம் வெள்ளையாய் அடித்தது. அதன் நடுவே கறுப்புக் கரை போட்ட வட்டமொன்று ஆடியது. மேசன்மாரின் ரசமட்டத்தில் ஓடும் குமிழி மாதிரி, தலையை அசைத்த பக்கமெல்லாம் ஓடியது.

"வீட்டுல பாக்க ஆள் இரிக்கா, ஐயா?"

"மகள் வெளியில ஓட்டோவோட நிக்கா."

வெளியில் நின்றது ஊர்ப் பொடியன் அஹ்ஸனின் ஓட்டோ மட்டும்தான், அவர் வழக்கமாக ஏறுவது. ஆதம்லெவ்வை பின் சீற்றில் ஏறி, பிணம்போல நீட்டி மல்லாந்து, காலிரண்டையும் வெளியில் விட்டார்.

"என்ன காக்கா இது? மையத்துக் கொண்டு போற மாதிரி ஈக்கி!"

"மையத்து கூலி தராது. நான் தருவன். மெல்லப் போ."

அஹ்ஸன் மெல்லத்தான் போனான். வாடியில், படுத்தபடி தொழ வசதியாக, கட்டிலைக் கிப்லா இருக்கும் மேற்குப் பக்கம் கால் வரும்படி திருப்பிப் போட்டுக் கொடுத்தான். இரண்டு போத்தல் தண்ணீர், பணிஸ், ஈச்சம்பழம் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தான். "மகளுக்குச் சொல்லட்டா?" என்று கேட்டான். "சொன்னா இனி உன்ட ஓட்டோவில ஏற மாட்டன்," என்றார். கதவைச் சாத்தட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார்.

சாப்பிடவும் வெளிக்குப் போகவும் எழும்பலாம், மற்ற நேரமெல்லாம் மல்லாந்துதான் என்று கோணாமலைக்கு டொக்டர் சொன்னது அவர் காதில் இருந்தது. அப்படியே செய்தார். பாங்கு தூரத்தில் கேட்கும்போது மருந்து விட்டார். தண்ணீர் கண்ணில் படக்கூடாது என்பதால் கட்டிலோரத்து மண்சுவரில் உள்ளங்கையை அடித்து முகத்தையும் கையையும் தடவி, தொழுகைக்கு முன் தண்ணீருக்குப் பதிலாகத் தயம்மும் செய்தார். தொழுகையில் குனியும் ருகூவுக்கு இமையைக் கொஞ்சம் தாழ்த்தினார், நெற்றி வைக்கும் சுஜூதுக்கு இன்னும் கொஞ்சம். நெற்றி நிலத்தில் படாத தொழுகை அவருக்கு உப்பில்லாத கஞ்சியாக இருந்தது. ஆனால் குனிந்தால் குமிழ் ஓடும். குமிழ் ஓடினால் தையல் விடும்.

குமிழோடுதான் பேச்சு. "நிக்கிறயா?" என்பார். அது நிற்கும். "அங்கால போகாத" என்பார். போகாது. மகளை விட, மருமகனை விடச் சொன்னபடி கேட்டது.

வெளியில் நெல் வேளாண்மை கதிர் பொதிந்த குடலைப் பருவத்தில் நின்றது. காற்று அதன்மேல் போவது பாய் விரிக்கும் சத்தம்போல் கேட்டது. அடுத்த வயல்காரன் வரம்பில் தண்ணீர் ஓடும் வக்கடையில் மண் போட்டு அடைத்தான். மண்வெட்டிச் சத்தத்தில் ஆளைத் தெரிந்தது. கூப்பிட்டால் வருவான். கூப்பிடவில்லை. பிறகு மோட்டார் சைக்கிள் ஒன்று மதகடியில் நின்றது. ஆதம்லெவ்வை மூச்சைப் பிடித்துக்கொண்டார். யாரோ மூத்திரம் பெய்துவிட்டு ஏறிப் போனார்கள்.

அன்று பின்னேரம் போன் அடித்தது. றஹீமா.

"வாப்பா, வாட்டுலயா?"

"ஓம். வேறெங்க?"

"சாப்பிட்டயளா?"

"கஞ்சி தந்தாங்க."

அந்த நேரம் பார்த்து வாடிக் கூரைக்கு மேலாக மயிலொன்று கத்தியது. ஒரு தரமல்ல, மூன்று நாலு தரம், வயலே அதிரும்படி. ஆதம்லெவ்வை போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். இப்போது கேட்பாள். கண்ணாஸ்பத்திரி வாட்டுக்குள் மயிலேது வாப்பா என்று கேட்பாள். பொய் சொல்ல வேண்டிவரும் என்று பயமாக இருந்தது. கேட்க வேண்டும் என்றும் இருந்தது.

"சரி வாப்பா," என்றாள் றஹீமா. பின்னால் பிள்ளைகள் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது. "வியாழக்கிழம கிளினிக்குக்கு வாறன். அலையாமக் கிடங்க."

போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடந்தார். மயில் பறந்து போய்விட்டது.

அடுத்த நாளும் யாரும் வரவில்லை. வரச் சொல்லி அவர் யாருக்கும் சொல்லவுமில்லை. சொல்லாமல் வருகிற ஆள் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் கதவைத் திறந்து வைத்தாரோ என்னவோ. குமிழும் சுருங்கிக்கொண்டே வந்தது. தேங்காயளவு இருந்தது பாக்களவாகி, மிளகளவாகி, பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லும்போது பார்த்தால் இல்லை. அது இருந்த இடத்தில் முகட்டு வளை தெரிந்தது. வளையில் கறையான் மண் தெரிந்தது. ஓலையைக் கட்டிய கயிற்றின் முறுக்குக்கூடத் தெரிந்தது. மூன்று வருசமாக அதன் கீழே படுக்கிறார், இப்படியொரு முகடு தன் தலைக்கு மேல் இருப்பது இன்றுதான் தெரிகிறது. கண் தெரிகிறது என்று உரத்துச் சொன்னார். சொன்னதைக் கேட்க ஆளில்லை. குமிழும் இல்லை.

வியாழக்கிழமை கிளினிக்கில், எழும்பி நடந்தீங்களா என்று சர்மினி கேட்டார். ஓம் என்றார் ஆதம்லெவ்வை. பிறகு அவருடைய நாடியைக் கருவியின் தாங்கியில் வைத்து, ஒளியை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அழகா ஒட்டியிருக்கு ஐயா. ஒரு மூலை கூட விடல்ல."

ஆதம்லெவ்வை டொக்டரின் முகத்தை முதல் தரம் பார்த்தார். குரலை வைத்து அவர் நினைத்திருந்ததை விட இளையது. கண்ணுக்குக் கீழே நித்திரையில்லாத கறுப்பு.

"நான் பயந்தது கோணாமலைக்கு இல்ல, உங்களுக்குத்தான். உங்களுக்கு இருக்கிறது அந்த ஒரு கண்தானே," என்றார் சர்மினி. "பாத்தா அவருக்குத்தான் ஒரு பக்கம் ஒட்டு விட்டுப்போச்சு. இண்டைக்குக் காலையில திரும்பக் காத்து ஊதியிருக்கு. நீங்க ஒரு நாளோட எழும்பி நடந்தும் உங்களுக்கு ஒட்டியிருக்கு. இன்னும் ஆக்களப் பாக்க வேணும்தான். ஆனா இப்பிடியே வந்துதெண்டா, இனி வாற ஆக்கள மூணு நாள் போட்டு வதைக்கத் தேவையில்ல. ஒரு நாளோட வீட்ட அனுப்பலாம்."

அவர் பேனையை எடுத்தார்.

ஆதம்லெவ்வைக்கு அவிந்த இடது கண் குறுகுறுத்தது. பச்சிலை பிழிந்த கை ஞாபகம் வந்தது. அந்தக் கை நடுங்கவேயில்லை. எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே பிழிந்தது. இப்போது அவருடைய பொய்யை நம்பி இந்தப் பிள்ளையும், ஒரு நாள் போதும், எனக்குத் தெரியும் என்று சொல்லப் போகிறாள். எந்தப் பள்ளத்து வயல்காரனோ, எந்தக் கடற்கரைக்காரனோ, அதைக் கேட்டு எழும்பி நடப்பான்.

"எழுதாதீங்க," என்றார்.

"ஏன் ஐயா?"

"நான் எழும்பல்ல. நடக்கவுமில்ல. வாடியில போய் மிச்ச ரெண்டு நாளும் மல்லாந்துதான் கிடந்தன்."

பேனை நின்றது. சர்மினி நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "வந்ததும் கேட்டன்தானே, நடந்தீங்களா எண்டு? ஓம் எண்டீங்க," என்றார். குரலில் கோபம் இருந்தது. இருக்கட்டும் என்று ஆதம்லெவ்வை நினைத்தார்.

"நீங்க மறைக்கிறீங்க எண்டு நினைச்சன். எது நல்லதெண்டு கேட்டன். தெரியாதெண்டீங்க."

"தெரியாது ஐயா. உண்மையாத்தான் சொன்னன்."

"அதத்தான் நான் நம்பல்ல. தெரியாதெண்டு சொன்ன வைத்தியர நான் முந்திப் பிந்திக் கண்டதில்ல."

சர்மினி பேனையை மூடி, மறுபடி திறந்தார். "நீங்க கிடந்ததையும் அப்பிடியே எழுதுறன். பரவால்ல. கண் உங்கட கண்தானே," என்றார். பிறகு, "ஆர் உங்களப் பாத்த? மகளா?"

"அவவுக்குத் தெரியாது."

"அப்ப ஆரு?"

"குமிழ்தான்," என்றார் ஆதம்லெவ்வை. டொக்டர் சிரிக்கவில்லை. "மகளுக்குச் சொல்லாதீங்க, புள்ள," என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பினார்.

றஹீமா வெளியில் வாங்கில் இருந்தாள். பூத்த கண்ணுக்கு அவள் மூன்று வருசமாகக் குரலாகவும் நிழலாகவும்தான் தெரிந்தாள். தலைப்போர்வைக்கு வெளியே தெரிந்த முடி நரைத்திருந்தது. தையலூசி குத்திய விரல்கள் தடித்திருந்தன. அவளுடைய உம்மாவின் களைத்த முகம் அப்படியே அவளில் வந்து உட்கார்ந்திருந்தது.

"வாப்பா, தெரியுதா?"

"தெரியுது."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப..." என்று நிறுத்தினாள். "அப்ப வாடிக்குத்தான் போவயளா?"

"ஓம், வாடிக்குத்தான்."

அவள் முகத்தில் வந்தது ஆறுதலா, கவலையா? குரலாக மட்டும் இருந்தபோது அவளை அவருக்கு நிச்சயமாகத் தெரியும். இப்போது முகம் தெரிகிறது, அது விளங்கவில்லை. "மெசினத் திரும்ப உள்ளுக்கு எடு," என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சோற்றுப் பார்சலைக் கையில் கொடுத்து, கையை ஒரு தரம் பிடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போனாள். அவள் போவதை அவர் வாசல்வரை, வீதிவரை, பஸ் மறைக்கும்வரை பார்த்தார். அவ்வளவு தூரம் இப்போது தெரிந்தது.

பிறகு வாட்டுக்குப் போனார். கோணாமலை பழையபடி கட்டோடு மல்லாந்து கிடந்தான். கட்டிலடியில் ஸ்டூல் வெறுமையாக இருந்தது.

"ஆரு அது, நிண்டு மூச்சு விடுற?"

"நான்தான். ஒரு நாள்காரன்."

"வாங்க காக்கா! சுந்தரம்மா தேத்தண்ணிக்குப் போயிட்டா. அவ இல்லாத நேரம் திட்ட ஆளில்லாம வாட்டே செத்துப் போச்சு." சிரித்தான், பிறகு பயந்து நிறுத்தினான். "உங்களுக்கு ஒட்டிட்டாமே. எனக்கு விட்டுப்போச்சு. மூணு நாளும் ஆடாமக் கிடந்தன், காக்கா. சத்தியமா ஆடல்ல."

"தெரியும்."

"இந்த முறை எத்தின நாளாம் கிடக்கிற?"

"தெரியாதாம்."

"டொக்டருக்குமா?"

"ஓம். அவவுக்குந் தெரியாது. அதத்தான் பாக்கிறாங்க." ஆதம்லெவ்வை ஸ்டூலைக் கட்டிலோடு நெருக்கிப் போட்டு இருந்தார். சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டார். "கட்ட அவிழ்த்தா உள்ளுக்குக் குமிழ் தெரியும். அதோட கதைச்சிட்டுக் கிட. சொன்னாக் கேக்கும்."

"கரைஞ்சிருமாமே அது. கரைஞ்சாப் பிறகு?"

ஆதம்லெவ்வை நிமிர்ந்து பார்த்தார். வாட்டின் முகடு வெள்ளை அடித்து, ஒரு கறையுமில்லாமல், உயரத்தில் கிடந்தது.

"மறுகா முகடு தெரியும்," என்றார்.